டெலோஸ் தீவுக்கு அரை நாள் படகுச் சுற்றுலா: லீட்டோவின் ஏரிக்கு இன்னும் நேரம் வேண்டும்

கிரேக்கத்தின் மிக்கோனோஸ் தீவிலிருந்து பக்கத்துத் தீவான டெலோஸுக்கு வழிகாட்டியோடு போய்வரும் அரை நாள் சுற்றுலா இது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். படகு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. வழிகாட்டிப் பெண் விஷயம் தெரிந்தவர். தீவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கொடுத்த காசுக்குப் பல மடங்கு பெறும். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம், 'புராணச் சுற்றுலா' என்று சொல்லி விற்றுவிட்டு, அந்தப் புராணம் நடந்த ஏரிக்கரைக்குக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஒதுக்கியதுதான். கிரேக்கப் புராணப்படி டெலோஸில் நடந்தது லீட்டோ என்ற தேவியின் பிரசவம். நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவள். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மிக்கோனோஸின் பழைய துறைமுகத்தில் ஏறினால் அரை மணி நேரப் பயணம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று அங்கே பலமாக வீசும். காற்று மிகுந்தால் படகையே விடமாட்டார்கள். எனவே மிக்கோனோஸில் தங்கும் கடைசி நாளுக்கு டெலோஸை ஒதுக்கி வைக்காதீர்கள், முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். நாங்கள் போனது செப்டம்பரில். அப்போதும் மேல்தளத்தில் அம்மாவின் முந்தானை ஓரிடத்தில் நிற்கவில்லை. தனியாகப் போகிறவர்கள் படகுக்கு ஒரு சீட்டு, தீவுக்குள் நுழைய இன்னொரு சீட்டு என்று வாங்க வேண்டும். எங்கள் கட்டணத்தில் இரண்டும் சேர்ந்திருந்ததால் வரிசையில் நிற்காமல் உள்ளே போனோம். முட்டி வலியுள்ள அம்மாவை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியிருக்காதது பெரிய உதவி.

படகிலேயே வழிகாட்டி கதையை ஆரம்பித்தார். நல்ல யோசனை. கதை தெரியாமல் இறங்கினால் அது உடைந்த தூண்களும் காய்ந்த புல்லும் நிறைந்த இடமாகத்தான் தெரியும்.

தேவர்களின் தலைவன் ஜீயஸின் இரட்டைக் குழந்தைகளை, அப்போலோவையும் ஆர்ட்டெமிஸையும், வயிற்றில் சுமந்தவள் லீட்டோ. ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு அது பொறுக்கவில்லை. இவளுக்குப் பிள்ளை பெற எவரும் இடம் தரக் கூடாது என்று எல்லா நிலங்களையும் மிரட்டி வைத்தாள். நிறைமாதக்காரி கரை கரையாகப் போய்க் கேட்கிறாள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் பாடிய துதியில், அவள் வருவதைக் கண்டதும் ஊர்களும் ஆறுகளுமே எழுந்து ஓடுகின்றன. தெசலியிலுள்ள பெனியஸ் ஆறு மட்டும் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், வா என்கிறது. போர்க்கடவுள் ஏரெஸ் மலையைப் பெயர்த்து அந்த ஆற்றின் மேல் போடத் தயாராக நிற்கிறான். அதைப் பார்த்த லீட்டோவே, எனக்காக நீ அழிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்கிறாள். வலியோடு இருப்பவள் அடுத்தவரின் பாதுகாப்பை நினைக்கிறாள். வார்டில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் அந்த வரிகளை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

டெலோஸ் அப்போது ஓரிடத்தில் நிற்காமல் கடலில் மிதந்து அலைந்த ஒரு பாறை. அதற்கும் ஒரு கதை உண்டு. லீட்டோவின் உடன்பிறந்தவள் ஆஸ்டீரியா. ஜீயஸ் அவளையும் துரத்தினான். அவள் காடையாக மாறிப் பறந்து, கடலில் விழுந்து, தீவாகிவிட்டாள். ஜீயஸுக்கு இணங்க மறுத்துத் தப்பியவள், அவனால் கர்ப்பமாகித் துரத்தப்பட்டவளுக்கு இடம் கொடுக்கிறாள். வழிகாட்டி இதைச் சொன்னபோது படகில் யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.

ஆனால் ஹோமரின் பெயரில் வழங்கும் அப்போலோ துதியில் டெலோஸ் உடனே சம்மதிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நானோ வெறும் பாறை, பிறக்கப்போகும் மகனோ பெரிய கடவுள் என்கிறார்கள், அவன் என்னைப் பார்த்ததும் கேவலமாக நினைத்துக் காலால் கடலுக்குள் தள்ளிவிட்டு வேறு நல்ல நிலத்துக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வது என்று தீவு கேட்கிறது. அப்புறம் என்மேல் ஆக்டோபஸும் கருநிறக் கடல்நாயும்தான் குடியிருக்கும் என்று பயப்படுகிறது. தன் மகனின் முதல் கோயில் இங்கேதான் எழும் என்று லீட்டோ சத்தியம் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. தேவர்கள் மீற முடியாத ஸ்டிக்ஸ் ஆற்றின் மேல் அவள் ஆணையிடுகிறாள். அதன்பிறகுதான் தீவு சம்மதிக்கிறது. கொடுக்க ஒன்றுமில்லாத இடம் அடைக்கலம் தருவதற்கு முன் தன் எதிர்காலத்துக்கு உறுதி கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. பணக்கார நிலங்களெல்லாம் பயந்து கதவை மூடிய நேரத்தில், இழக்க எல்லாமே இருந்த இந்தப் பாறைதான் பேசவாவது முன்வந்தது.

இவ்வளவு நன்றாகக் கதை சொன்ன வழிகாட்டியை, நிறுவனம் வகுத்துக்கொடுத்த பாதை அடுத்த ஒரு மணி நேரம் வேறு திசையில் இழுத்துப் போய்விட்டது. இறங்கியதும் தெற்கே திரும்பி நாடக அரங்குப் பக்கத்து வீடுகளுக்குப் போனோம். அந்த வீடுகளை நான் குறை சொல்லவில்லை. தலையில்லாமல் நிற்கும் கிளியோபாட்ரா, டியோஸ்கூரிடெஸ் தம்பதியின் சிலைகள், சுமார் 5,500 பேர் உட்கார்ந்து நாடகம் பார்த்த அரங்கு, அதன் மழைநீரைச் சேர்த்த, கல் வளைவுகள் கொண்ட தொட்டி எல்லாமே பார்க்க வேண்டியவை. இந்தக் கிளியோபாட்ரா எகிப்து அரசி இல்லை, ஏதென்ஸைச் சேர்ந்த ஒரு பணக்காரக் குடும்பத்துப் பெண். ஆனால் இவையெல்லாம் வணிக டெலோஸின் எச்சங்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ரோம் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கிய பிறகு குவிந்த பணம் கட்டியவை. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகள் வந்து கைமாறக்கூடிய சந்தை இது என்று பண்டைய புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். போக்கிடம் இல்லாதவளுக்கு இடம் கொடுத்த மண்ணில் மனிதர்களை விற்றார்கள். கி.மு. 88-இல் ரோமை எதிர்த்த பொன்டஸ் அரசன் மித்ரிடேட்டஸின் படையும், 69-இல் கடற்கொள்ளையரும் சூறையாடிய பின் அந்தச் செல்வம் போய்விட்டது. ஊரும் மெல்ல மெல்ல வெறிச்சோடியது. வழிகாட்டி எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். நேரம்தான் இங்கே கரைந்தது.

அடுத்து அப்போலோவின் கோயில் வளாகம். மூன்று கோயில்கள் அடுத்தடுத்து இருந்த இடத்தில் இப்போது அடித்தளங்களே மிச்சம். நாக்ஸோஸ் தீவினர் நிறுத்திய பிரம்மாண்டமான அப்போலோ சிலை உடைந்து, உடம்பின் பகுதிகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. அதன் ஒரு கை டெலோஸ் அருங்காட்சியகத்திலும், பாதத்தின் ஒரு துண்டு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. கி.மு. 417 வாக்கில் ஏதென்ஸின் தளபதி நிக்கியாஸ் காணிக்கையாக வைத்த வெண்கலப் பேரீச்சை மரம் காற்றில் சாய்ந்து இந்தச் சிலையைத் தள்ளிவிட்டதாகப் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். வெண்கலத்தில் ஏன் பேரீச்சை மரம் என்றால், லீட்டோ பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்ற மரம் அது. இந்த இணைப்பைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், ஆனால் சொல்லாமலே குழு நகர்ந்துவிட்டது. காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கருவியும் இங்கேதான் சார்ஜ் தீர்ந்து நின்றது. எனக்கு மட்டுமில்லை, இன்னும் சிலருக்கும் அப்படித்தான். கருவிகளை முந்தைய இரவே சார்ஜ் போட்டு வைப்பது அந்த நிறுவனத்துக்குக் கஷ்டமான வேலை இல்லை.

ஆர்ட்டெமிஸ் கோயில் பக்கம் வந்தபோது வழிகாட்டியிடம் நானாகக் கேட்டு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். புராணங்களில் வரும் வடக்கே தூர தேசமான ஹைப்பர்போரியாவிலிருந்து காணிக்கை கொண்டு வந்த கன்னிப் பெண்களின் கல்லறை இங்கே இருந்தது. கல்யாணத்துக்கு முன் டெலோஸ் பெண்கள் தங்கள் முடியில் ஒரு கொத்தை வெட்டி, நூல் கதிரில் சுற்றி அந்தக் கல்லறையில் வைப்பார்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பெண்களின் வாழ்க்கையோடு இவ்வளவு நெருங்கிய ஒரு வழக்கம் எந்தப் பாதையிலும் நிறுத்தமாக இல்லை. கேட்கிறவருக்குத்தான் கிடைக்கிறது. தயங்காமல் கேளுங்கள், அவர்கள் ஆசையாகச் சொல்கிறார்கள்.

அம்மா கேட்ட கேள்விதான் அன்றைய நாளின் சிறந்த கேள்வி. கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் இந்தத் தீவைத் தூய்மைப்படுத்தினார்கள். இருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, இனி இங்கே யாரும் சாகவும் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது என்று விதித்தார்கள். நான் தமிழில் சொன்னதும் அம்மா நடையை நிறுத்திவிட்டார். "அப்போ இந்த ஊர்ப் பிள்ளைத்தாச்சிங்க எல்லாம் பேறுகாலத்துக்கு எங்கடி போவாங்க?" என்றார். வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் மேற்கே கையை நீட்டிக் காட்டினார். குறுகிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் ரெனியா தீவு. பேறுகாலம் நெருங்கியவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள்.

கொஞ்ச தூரம்தான், கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இடுப்பு வலி எடுத்தவளை அந்தக் காற்றில் படகில் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். பனிக்குடம் உடைந்தவளை ஆம்புலன்சில் அழைத்துப் போவதற்கே நாங்கள் எவ்வளவு யோசிக்கிறோம். துரத்தப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்ததாலேயே புனிதமான தீவு, அதே புனிதத்தின் பெயரில் தன் ஊர்க் கர்ப்பிணிகளை வெளியே அனுப்பியது. எனக்கு இது கோபத்தையே தருகிறது. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். கோயிலின் தூய்மை என்பது ஒரு பக்கம். தீவின் மேல் ஏதென்ஸின் பிடி இறுகியது இன்னொரு பக்கம். கி.மு. 478-இல் பாரசீகத்துக்கு எதிராக அமைந்த கூட்டணியின் கருவூலம் இங்கேதான் இருந்தது. 454-இல் அதை ஏதென்ஸுக்கு எடுத்துப் போனார்கள். 422-இல் டெலோஸ் மக்களையே வெளியேற்றி, அடுத்த ஆண்டு திரும்ப வரவிட்டார்கள். பிள்ளை பெறும் உரிமையைப் பறித்தவர்களுக்கு ஊரையே பறிப்பது பெரிய விஷயமாக இல்லை. தோண்டி எடுத்த எலும்புகளையும் பாத்திரங்களையும் ரெனியாவில் ஒரு குழியில் போட்டிருந்தார்கள். 1898-இல் தொடங்கிய அகழ்வில் அது கிடைத்தது. அந்தப் பாத்திரங்கள் மிக்கோனோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பழைய துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம்.

அப்புறம்தான் சிங்கங்களும் ஏரியும். கடைசிப் பத்து நிமிடம்.

சிங்கங்களை கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாக்ஸோஸ் மக்கள் தங்கள் ஊர்ச் சலவைக்கல்லில் செய்து வைத்தார்கள். வெளியே நிற்பவை நகல்கள், அசல்கள் அருங்காட்சியகத்துக்குள். கூட்டத்தைப் பிரிந்து போன ஒரு சிங்கம் வெனிஸ் நகரத்து ஆயுதக்கிடங்கின் வாசலில் வேறொரு தலையோடு உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அவற்றின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கிழக்கே, ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன.

ஏரியில் இப்போது தண்ணீர் இல்லை. மலேரியா கொசுவுக்குப் பயந்து 1920-களில் அகழ்வாய்வாளர்கள் அதை வற்றவைத்தார்கள். சுற்றிலும் தாழ்ந்த சுவர், நடுவில் கதையின் நினைவாக நட்ட பேரீச்சை மரம். பிரசவம் இந்த ஏரிக்கரையில் நடந்தது என்பது ஒரு மரபு. அப்போலோ துதி கின்தோஸ் குன்றின் அடியில், இனோபோஸ் ஓடைப் பக்கம் என்கிறது. எனக்கு இரண்டும் சம்மதமே.

லீட்டோவுக்கு ஒன்பது பகல், ஒன்பது இரவு வலி. தியோனே, ரேயா, தெமிஸ், ஆம்பித்ரீதே என்று பெரிய தேவியர் பலர் சுற்றி இருந்தார்கள். ஆனால் பிரசவத்துக்குரிய தேவி எய்லைத்தியா வரவில்லை. ஹீரா அவளை ஒலிம்பஸ் மலையில் பொன்மேகங்களுக்குக் கீழே தன்னோடு நிறுத்திக்கொண்டதால் அவளுக்கு விஷயமே தெரியாது. அறை நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தும் மருத்துவச்சி இல்லையென்றால் என்ன ஆகும் என்பது இந்தக் கவிக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் தேவியர் ஐரிஸைத் தூது அனுப்பினார்கள். பொன்னிழையில் கோத்த ஒன்பது முழ மாலை தருவதாகச் சொல்லி, ஹீராவுக்குத் தெரியாமல் எய்லைத்தியாவைத் தனியாகக் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். எய்லைத்தியா டெலோஸில் கால் வைத்த கணமே வலி சரியான கட்டத்துக்கு வந்தது. லீட்டோ பேரீச்சை மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மெல்லிய புல்லில் முட்டி போட்டாள். கீழே பூமி சிரித்தது. குழந்தை வெளிச்சத்துக்குத் துள்ளி வந்தது.

மல்லாக்கப் படுக்கவில்லை, முட்டி போட்டாள் என்பதைக் கவனியுங்கள். நிமிர்ந்த நிலையில் பிடிமானத்தோடு இருப்பது பல பெண்களுக்கு உதவுகிறது என்று இன்று நாங்கள் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தத் துதி அதை எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது. அம்மா கேட்டுவிட்டு, "எங்க ஆத்தா காலத்துல உத்தரத்துல கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பிடிச்சுக்குவாங்க, இவளுக்கு மரம்" என்றார். துதியில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றிய பிறகு தாய்ப்பால் கொடுக்கவில்லை. தெமிஸ் தேவாமிர்தம் ஊட்டினாள். ஒன்பது நாள் வலித்தவளின் சீம்பாலுக்கு அங்கே இடமில்லை.

அப்போலோடோரஸ் பெயரிலுள்ள புராணத் தொகுப்பில் இன்னொரு விதமாக வருகிறது. முதலில் பிறந்தவள் ஆர்ட்டெமிஸ். பிறந்த கையோடு அம்மாவுக்கு அவளே மருத்துவச்சியாக நின்று தம்பி அப்போலோவை வெளியே எடுத்தாள். கிரேக்கப் பெண்கள் பிரசவத்தில் ஆர்ட்டெமிஸையும் கூப்பிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை. கல்லிமாக்கஸிடம் அன்னப்பறவைகள் தீவை ஏழு முறை சுற்றிப் பாடுகின்றன, எட்டாவது சுற்றுக்கு முன் குழந்தை பிறந்துவிடுகிறது, யாழுக்கு ஏழு நரம்பு வந்தது அதனால்தான். பிறந்த பிறகு தீவு முழுவதும் பொன்னாகப் பூத்தது. கடலடியிலிருந்து நான்கு தூண்கள் எழுந்து அதைத் தாங்கி நிறுத்தியதாகக் கிரேக்கக் கவிஞர் பிண்டார் பாடினார். இடம் கொடுத்ததற்கு டெலோஸுக்குக் கிடைத்தது, அலையாமல் நிற்க ஓர் இடம்.

இவ்வளவையும் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். வழிகாட்டி நன்றாகவே ஆரம்பித்தார், ஆனால் எய்லைத்தியா வருவதற்குள் நேரம் முடிந்தது. மீதியை அம்மாவுக்கு நானே சொன்னேன்.

குழு கலைந்த பிறகு படகுக்கு முன் கொஞ்சம் ஓய்வு நேரம் தருகிறார்கள். சுமார் 112 மீட்டர் உயரமுள்ள கின்தோஸ் குன்றில் ஏற அது போதும், ஆனால் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்கப் போதாது. குன்றுக்கு ஏறும் கற்படிகள் சீராக இல்லை. முட்டி வலிக்காரர்கள் விட்டுவிடலாம். அம்மா கீழேயே இருந்துவிட்டார், நான் மட்டும் ஏறினேன். உச்சியில் சுற்றிலும் தீவுகள் தெரிகின்றன. இவற்றில் எத்தனை லீட்டோவுக்குக் கதவைச் சாத்தின என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

போக நினைப்பவர்களுக்கு: காலையின் முதல் படகைப் பிடித்து, திரும்புவதற்குக் கடைசிப் படகு எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு தங்க அனுமதி இல்லை, தங்குபவர்கள் காவலர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே. நிழல் அநேகமாக இல்லை. தொப்பி, தண்ணீர், பிடிப்புள்ள செருப்பு கட்டாயம். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று சீட்டு வாங்கும்போதே விசாரியுங்கள், பழுதுபார்க்க மூடிவைப்பதும் உண்டு. கர்ப்பிணிகள் வந்தால் வெயிலையும் படகின் ஆட்டத்தையும் மனதில் வைத்து, மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். ஏரிப் பக்கம் சமதளம்தான், நடக்கலாம்.

வழிகாட்டி தேவையா என்றால், தேவை. இந்தத் தீவில் பெயர்ப்பலகைகளை மட்டும் நம்பினால் பாதிகூடப் புரியாது. ஆனால் பதிவு செய்யும்போதே, இறங்கியதும் வடக்கே திரும்பி ஏரிக்கு முதலில் போக முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். சிறிய குழு என்றால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வீடுகளையும் அரங்கையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவை படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.